காது சும்மா இருக்கும் நேரம்

பாட்காஸ்ட் தொடங்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது பெரும்பாலும் மைக்கைப் பற்றித்தான். எந்தக் கம்பெனி, என்ன விலை, செகண்ட் ஹேண்டில் கிடைக்குமா? அடுத்தது, வீடியோவும் எடுக்க வேண்டுமா என்பது. இதை யார், எங்கே உட்கார்ந்து கேட்கப்போகிறார்கள் என்ற கேள்வி மூன்றாவதாக வந்தால் அதிர்ஷ்டம். வெற்றி பெற்ற நிகழ்ச்சிகளின் கதைகளைப் பார்த்தால் இந்த வரிசை அப்படியே தலைகீழாக இருக்கிறது. அதனால் இந்த அத்தியாயத்திலும் மைக் கடைசிப் பக்கங்களில்தான் வரும்.

மார்க் மாரன் என்ற அமெரிக்க நகைச்சுவைக் கலைஞருக்கு 2009இல் வேலை போனது. ஏர் அமெரிக்கா என்ற வானொலி நிறுவனத்தில் அவர் நடத்திவந்த நிகழ்ச்சி நின்றுவிட்டது. ஆனால் கட்டடத்துக்குள் நுழையும் அட்டை கையிலேயே இருந்தது. அவரும் தயாரிப்பாளர் பிரெண்டன் மெக்டொனால்டும் ஆள் நடமாட்டம் அடங்கிய பிறகு அதே ஸ்டூடியோவுக்குள் புகுந்து பதிவுசெய்ய ஆரம்பித்தார்கள். அந்த செப்டம்பரில் 'டபிள்யூடிஎஃப்' பிறந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலிஸில் மாரனுடைய வீட்டு கராஜுக்கு இடம் மாறியது. சுற்றிலும் புத்தகமும் பழைய சாமான்களும், நடுவில் இரண்டு மைக். 2015 ஜூனில் அந்த கராஜுக்கு அதிபர் ஒபாமா வந்து உட்கார்ந்து பேசினார். பக்கத்து வீட்டுக் கூரையில் துப்பாக்கியோடு பாதுகாப்பு வீரர்கள்.

வெள்ளை மாளிகைக்குத் தொலைக்காட்சி ஸ்டூடியோக்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கராஜைத் தேடி வந்ததன் காரணத்தை, அதிபரின் பேட்டியைக் காட்டிலும் மாரனின் முந்தைய எபிசோடுகளில்தான் தேட வேண்டும். விருந்தினரை அழைப்பதற்கு முன்பு மாரன் தன் கதையைப் பேசுவார்: முறிந்த திருமணங்கள், விட்டொழித்த போதை, கூட வளர்ந்த கலைஞர்கள் மேலே போனபோது வயிறு எரிந்தது. ஆரம்ப காலத்துப் பேட்டிகளில் சில, பழைய சண்டைக்கு மன்னிப்புக் கேட்பதுபோலவே இருக்கும். கேள்வி கேட்கிறவர் முதலில் சட்டைப் பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டால் எதிரே இருப்பவருக்கும் கூச்சம் விட்டுப்போகிறது. 2010இல் ராபின் வில்லியம்ஸ் தன் குடிப்பழக்கத்தையும் மனச்சோர்வையும் பற்றி அங்கே பேசினார். 2014இல் அவர் இறந்த பிறகு ஏராளமானோர் அந்த உரையாடலைத் தேடிப்போய்க் கேட்டார்கள். 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்தது.

கை வேலையில், காது ஓய்வில்

'பாட்காஸ்ட்' என்ற சொல் 2004 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழில் பென் ஹாமர்ஸ்லி எழுதிய கட்டுரையில் முதன்முதலாகத் தென்பட்டது. ஐபாட் கருவியையும் பிராட்காஸ்டையும் ஒட்டுப்போட்ட சொல். 2005 ஜூனில் ஆப்பிள் தன் ஐடியூன்ஸ் மென்பொருளில் பாட்காஸ்டுக்கு இடம் கொடுத்தது. இரண்டே நாளில் 10 லட்சம் சந்தாக்கள் பதிவாயின. இன்று ஐபாடைக் கையில் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் 'வலையொலி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல சொல்தான், ஆனாலும் பேச்சில் பாட்காஸ்டே நிலைத்துவிட்டது.

வானொலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொழில்நுட்பத்தில் தேடுவதைவிடக் கேட்பவரின் கைகளைப் பார்ப்பது நல்லது. ஒரு கையில் தோசைக் கரண்டி, மறு கையில் எண்ணெய்ச் சொம்பு. அல்லது புறநகர் ரயிலில் தொங்கும் கைப்பிடி. அல்லது இரவு பதினொன்றுக்கு மடித்து முடியாத துணிக் குவியல். கண்ணும் கையும் வேறு வேலையில் மாட்டிக்கொண்டிருக்க, காது மட்டும் சும்மா இருக்கிறது. அந்த ஓய்வு நேரத்தைத்தான் பாட்காஸ்ட் கடன் கேட்கிறது. கேட்பவரால் குறிப்பெடுக்க முடியாது. மாவு படிந்த கையால் பின்னால் ஓட்டிக் கேட்கவும் மாட்டார். சலித்துவிட்டால் மட்டும், கையைத் துடைத்துக்கொண்டாவது நிறுத்திவிடுவார்.

இயர்போனில் கேட்கும்போது குரல் இரண்டு காதுக்கும் நடுவில், தலைக்குள்ளேயே ஒலிக்கிறது. இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்ட ஒருவர் "அன்பார்ந்த நேயர்களே" என்று கூட்டத்தைக் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் திடீரென்று எழுந்து மேடைப்பேச்சைத் தொடங்கியது போலத்தான். கேட்பது லட்சம் பேராகவே இருக்கட்டும், ஒவ்வொருவரும் தனியாகத்தான் கேட்கிறார்கள்.

இந்த வித்தை தமிழுக்குப் புதியதல்ல. சென்னை வானொலியில் 'இன்று ஒரு தகவல்' வழங்கிய தென்கச்சி கோ. சுவாமிநாதன் சில நிமிடங்கள்தான் பேசுவார். அவசரமில்லாத குரல், திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோன்ற நடை, முடிவில் சிரிக்காமல் சொல்லும் ஒரு குட்டிக்கதை. பல் தேய்த்துக்கொண்டே கேட்டவர்களுக்கு அவர் தங்களிடம் மட்டும் பேசுவதாகத் தோன்றியது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்களைக் குரலை வைத்தே அடையாளம் சொன்ன ஒரு தலைமுறையும் தென்மாவட்டங்களில் உண்டு. ஒலியில் நட்பு எப்படி உண்டாகிறது என்று கற்றுக்கொள்ள நினைப்பவர், கலிஃபோர்னியாவுக்குப் போவதற்கு முன்பு இந்தப் பழைய பதிவுகளைத் தேடிக் கேட்கலாம்.

என்ன கிடைக்கும் என்று தெரிந்திருப்பது

நியூயார்க் டைம்ஸின் 'தி டெய்லி' 2017 பிப்ரவரி 1 அன்று தொடங்கியது. வாரநாள் காலையில் அமெரிக்கர்கள் எழும்போது தயாராக இருக்கும். ஏறக்குறைய அரை மணி நேரம். பெரும்பாலும் ஒரே செய்தி, அதை எழுதிய நிருபரோடு உரையாடல். கடைசியில் அன்றைய மற்ற செய்திகள் சுருக்கமாக. தொகுப்பாளர் மைக்கேல் பார்பரோ செய்தித்தாள் நிருபராக இருந்தவர், வானொலியில் பழகிய குரல் அல்ல. பதிலைக் கேட்டுக்கொண்டே அவர் போடும் "ம்ம்" கிண்டலுக்கும் ஆளானது, அடையாளமாகவும் ஆனது. ஆனால் அந்த "ம்ம்" வெறும் பழக்கம் மட்டுமல்ல. கதை கேட்கும் குழந்தை "ம்" கொட்டுவதைப் போல, கேட்பவருக்குப் பதிலாக அவர் கொட்டுகிறார். புரியாத இடத்தில் நிருபரை நிறுத்தி, திரும்பச் சொல்ல வைக்கிறார்.

பிபிசியின் 'இன் அவர் டைம்' இதற்கு நேர் எதிரான ஊர். 1998இல் வானொலி நிகழ்ச்சியாகத் தொடங்கி, பாட்காஸ்டாகவும் உலகம் சுற்றியது. மெல்வின் பிராக் 2025 வரை நடத்தினார். ஒரு தலைப்பு, மூன்று பேராசிரியர்கள், முக்கால் மணி நேரம். அசோகரும் உண்டு, ஒளிச்சேர்க்கையும் உண்டு. பின்னணி இசை கிடையாது. நலம் விசாரிப்பு கிடையாது, முதல் நிமிடத்திலேயே கேள்வி. யாராவது சுற்றி வளைத்தால் பிராக் இடைமறிப்பார். சந்தை நிபுணர் ஒருவரிடம் இந்த யோசனையைக் கொண்டுபோயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார். நிகழ்ச்சியோ ஆயிரம் எபிசோடுகளைத் தாண்டியது. பாட்காஸ்ட் வடிவத்தில் கூடுதலாகச் சில நிமிடங்கள் வரும். சொல்ல விட்டுப்போனது என்ன என்று பேராசிரியர்கள் தளர்ந்து பேசிக்கொண்டிருக்க, தயாரிப்பாளர் உள்ளே வந்து டீயா காபியா என்று கேட்பார். தீவிர ரசிகர்கள் அந்த டீக்காகவே கடைசிவரை இருப்பார்கள்.

இரண்டுக்கும் பொதுவானது, கேட்பவர் பட்டனை அழுத்தும் முன்பே என்ன கிடைக்கும் என்பதை அறிந்திருப்பதுதான். தெருமுனை டீக்கடையில் ஒரு நாள் டீ, ஒரு நாள் ஜூஸ், ஒரு நாள் பூட்டு என்றால் யார் போவார்கள்? தமிழில் தொடங்கும் பல நிகழ்ச்சிகள் தடுமாறுவதும் இங்கேதான். முதல் எபிசோடு சினிமா, இரண்டாவது மியூச்சுவல் ஃபண்ட், மூன்றாவது நண்பரின் ஸ்டார்ட்அப். பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை. இப்படிச் சில எபிசோடுகளில் மங்கி மறைவதற்கு இந்தத் தொழிலில் 'பாட்ஃபேடு' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். தப்பிக்க எளிய வழி ஒன்று உண்டு: வெளியிடுவதற்கு முன்பே ஐந்தாறு எபிசோடுகளை முடித்துக் கையில் வைத்துக்கொள்வது. அந்த ஐந்தை முடிக்கும்போதே, ஆறாவதற்குப் பேச விஷயம் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

விஷயம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 'இயர் ஹசில்' கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறைக்குள்ளிருந்து 2017இல் வந்தது. கைதிகளாக இருந்த எர்லான் வுட்ஸும் ஆன்ட்வான் வில்லியம்ஸும், வெளியிலிருந்து தன்னார்வலராக வந்த கலைஞர் நைஜல் புவரும் சேர்ந்து உருவாக்கியது. ஒட்டுக்கேட்பதைக் குறிக்கும் சிறைப் பேச்சுவழக்குதான் தலைப்பு. கொலை, தப்பியோட்டம், கலவரம் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடு ஏமாற்றமாக இருந்திருக்கும். அது ஒரே அறையில் அடைபடும் இரண்டு பேர் எப்படி ஒத்துப்போவது என்பதைப் பற்றியது. கட்டிலும் கழிப்பறையும் ஒரே சிற்றறைக்குள் இருக்கும்போது, கூட இருப்பவர் யார் என்பதைவிடப் பெரிய விஷயம் வேறென்ன? விடுதியிலோ சென்னை மேன்ஷனிலோ அறையைப் பகிர்ந்துகொண்ட எவருக்கும் இது சட்டென்று விளங்கும். ஒவ்வொரு எபிசோடையும் சிறை அதிகாரி ஒருவர் கேட்டு அனுமதிக்க வேண்டும். அவருடைய ஒப்புதலையே அவர் குரலில் பதிவுசெய்து நிகழ்ச்சியின் கடைசியில் சேர்த்தார்கள், தணிக்கையும் கதையின் ஒரு பகுதி ஆனது. 2018 நவம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வுட்ஸின் தண்டனையைக் குறைத்தார். வெளியே வந்தவர் நிகழ்ச்சியை விடவில்லை.

அடுத்து என்ன என்று தெரியாமலிருப்பது

2014 அக்டோபர் 3. இந்தியாவில் பிரதமரின் 'மன் கி பாத்' முதன்முதலாக ஒலிபரப்பான நாள். அதே நாளில் அமெரிக்காவில் 'சீரியல்' என்ற பாட்காஸ்டின் முதல் எபிசோடு வெளியானது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, தேதி ஒத்துப்போவது ஒரு வேடிக்கை. ஆனால் பாட்காஸ்ட் என்ற சொல்லை அதுவரை கேட்டிராதவர்களையும் உள்ளே இழுத்தது 'சீரியல்'தான். ஐடியூன்ஸில் அவ்வளவு விரைவாக 50 லட்சம் பதிவிறக்கங்களைத் தொட்ட நிகழ்ச்சி அதற்கு முன்பு இல்லை. வானொலி, தொலைக்காட்சிப் படைப்புகளுக்கு அமெரிக்காவில் வழங்கும் பீபடி விருதைப் பெற்ற முதல் பாட்காஸ்டும் அதுவே.

பால்டிமோரில் 1999 ஜனவரியில் ஹே மின் லீ என்ற பள்ளி மாணவி கொலைசெய்யப்பட்டார். அவருடைய முன்னாள் காதலன் அட்னான் சையதுக்கு 2000இல் ஆயுள் தண்டனை. பதினைந்து ஆண்டுகள் கழித்து சாரா கோனிக் என்ற வானொலி நிருபர் அந்த வழக்கைத் தோண்டுகிறார். முதல் எபிசோடில் அவர் கொலையை வர்ணித்துத் தொடங்கவில்லை. பள்ளி விட்ட பிறகு 21 நிமிடங்கள் ஒரு பையன் எங்கே இருந்தான் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் ஓராண்டாக அலைவதாகச் சொல்கிறார். ஆறு வாரத்துக்கு முந்தைய ஒரு நாளில் என்ன செய்தோம் என்று யாருக்காவது நினைவிருக்குமா என்று சில இளைஞர்களைக் கேட்டுப் பார்க்கிறார். கேட்பவரும் தன்னையறியாமல் போன மாதத்தைத் துழாவ ஆரம்பிக்கிறார். அந்த நொடியில் வழக்கு அவருடையதாகிவிடுகிறது.

இதன் பின்னாலிருக்கும் இலக்கணத்தை, 'சீரியல்' கிளைத்து வந்த 'திஸ் அமெரிக்கன் லைஃப்' நிகழ்ச்சியின் ஐரா கிளாஸ் பலமுறை விளக்கியிருக்கிறார். அவர் கணக்கில் ஒலிக் கதைக்கு இரண்டு செங்கல் போதும். ஒன்று நிகழ்ச்சி வரிசை: இது நடந்தது, அதனால் அது நடந்தது, பிறகு இன்னொன்று. ஒருவர் காலையில் கண் விழிக்கிறார், வீடு வழக்கத்தைவிட அமைதியாக இருக்கிறது, மாடிப்படியில் இறங்குகிறார் என்று சொன்னாலே, சாரமில்லாத விஷயமாக இருந்தாலும், கேட்பவர் பின்னால் வருவார். இரண்டாவது, நின்று யோசிக்கும் இடம்: இதை ஏன் சொல்கிறோம் என்ற இடம். முதலாவது மட்டும் இருந்தால் வம்பு, இரண்டாவது மட்டும் இருந்தால் உபதேசம்.

தமிழ் வாசகருக்கு இதில் வியப்பு குறைவாகவே இருக்கும். 'பொன்னியின் செல்வன்' 1950களில் கல்கி இதழில் வாரந்தோறும் வந்தபோது, அடுத்த இதழுக்காக வீடுகளில் நடந்த இழுபறியைப் பற்றித் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பார்கள். அந்த நாவல் இன்று பலருடைய குரலில் ஒலிவடிவில் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. ஒன்று, கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை, அனுமதி வாங்க வேண்டியதில்லை. இன்னொன்று, அத்தியாயத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்ற கணக்கை ஆசிரியரே போட்டுவைத்திருக்கிறார்.

குற்றமோ சோழர் காலமோ இல்லாமலும் இதைச் செய்யலாம். 2008 மே மாதம், அமெரிக்க வீட்டுக்கடன் நெருக்கடி முற்றிக்கொண்டிருந்தபோது, அலெக்ஸ் பிளம்பர்க்கும் ஆடம் டேவிட்சனும் 'திஸ் அமெரிக்கன் லைஃப்'புக்காக ஒரு மணி நேர நிகழ்ச்சி செய்தார்கள். கட்ட முடியாத கடனை வாங்கியவர், அதைக் கொடுத்தவர், அதைப் பொட்டலம் கட்டி விற்ற வங்கிக்காரர் என்று சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு ஆளைப் பிடித்துப் பேச வைத்தார்கள். வருமானச் சான்றே இல்லாமல் எப்படிக் கடன் கொடுத்தீர்கள் என்ற சாதாரண மனிதனின் கேள்விதான் முதுகெலும்பு. அதன் வெற்றியில் 'பிளானட் மணி' பிறந்தது. அந்தக் குழு 2013இல் ஒரு டி-ஷர்ட்டைத் தயாரித்து, பருத்தி வயல் முதல் வங்கதேசத்திலும் கொலம்பியாவிலும் தைக்கும் கூடம்வரை பின்தொடர்ந்து கதை சொன்னது. திருப்பூரில் உட்கார்ந்திருப்பவருக்கு இதைவிடப் பெரிய கதை வாசலிலேயே கிடக்கிறது. நூல் விலை, சாயக் கழிவு, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர், விடுதியில் தங்கித் தைக்கும் ஒடிசா பெண். மைக்கோடு வெளியே போக வேண்டியதுதான் பாக்கி.

எவ்வளவு நேரம்?

இருபது நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்பவர்களிடம் டான் கார்லின் பெயரைச் சொல்லலாம். அவருடைய 'ஹார்ட்கோர் ஹிஸ்டரி' ஒரு மனிதர் தனியாகப் பேசும் நிகழ்ச்சி. நான்கு, ஐந்து மணி நேரம் சாதாரணம். முதல் உலகப் போரைப் பற்றிய ஆறு பகுதிகள் மட்டும் சேர்ந்து இருபது மணி நேரத்தைத் தாண்டும். மும்பையில் அமித் வர்மா 2017இல் தொடங்கிய 'தி சீன் அண்ட் தி அன்சீன்' முதலில் இருபது நிமிட அளவில்தான் இருந்தது. விருந்தினர்கள் பேசப் பேச அது வளர்ந்து, பல மணி நேர உரையாடலாகிவிட்டது. எதிர்ப்பக்கத்தில், ரோமன் மார்ஸின் '99 சதவீதம் இன்விசிபிள்' 2010இல் சான்ஃபிரான்சிஸ்கோ உள்ளூர் வானொலியில் நான்கு நிமிடத் துணுக்காகத் தொடங்கியது. 'சீரியல்' இன்னொரு வகை: ஒரு வாரம் அரை மணிக்கும் குறைவு, இன்னொரு வாரம் ஐம்பது நிமிடத்துக்கும் மேல். விஷயம் தீர்ந்த இடத்தில் நிறுத்தினார்கள்.

ஆனால் கார்லினைக் கேட்டுவிட்டு, புதியவர் தன் நண்பரோடு மூன்று மணி நேரம் அரட்டையடித்து அப்படியே ஏற்றிவிடுவது வேறு கதை. கார்லின் பல மாதம் படித்துத் தயாரித்துவிட்டு மைக் முன் உட்காருகிறார். வெட்டாத பேச்சுக்கும் நீளமான பேச்சுக்கும் உள்ள தூரம் அதிகம்.

எந்தத் தமிழில்?

தமிழில் பாட்காஸ்ட் செய்கிறவருக்கு ஆங்கிலக் கையேடுகள் கைகொடுக்காத இடம் இது. எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். நன்றாக எழுதத் தெரிந்தவர்கூட ஸ்கிரிப்டை எழுத்துத் தமிழில் எழுதி வாசித்தால் பழைய செய்தி அறிக்கை ஆகிவிடுகிறது. அதற்குப் பயந்து எதையும் எழுதாமல் பேசினால் "ஆக்சுவலி", "பேசிக்கலி", "சோ" என்று வாக்கியத்துக்கு மூன்று ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது.

எழுத்துத் தமிழ் காதில் ஏறாததற்கு 'சென்றார்', 'வந்தார்' என்ற வடிவங்கள் மட்டும் காரணமில்லை. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. பெயருக்கு உரிய அடைமொழிகள் எல்லாம் பெயருக்கு முன்பே வந்து நிற்கின்றன. "1999இல் பால்டிமோரில் கொலைசெய்யப்பட்ட பள்ளி மாணவியின் வழக்கில் தண்டனை பெற்ற இளைஞரைச் சந்தித்த நிருபர்" என்று எழுதினால், தாளில் படிப்பவர் கண்ணைத் திரும்ப ஓட்டிப் புரிந்துகொள்வார். தோசை ஊற்றுகிறவர் என்ன செய்வார்? யாரைப் பற்றிப் பேச்சு என்று தெரிவதற்கு முன்பே நான்கு செய்திகளைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதையே, "பால்டிமோர்னு ஒரு ஊர். வருஷம் 1999. ஸ்கூல் முடிஞ்சு கிளம்புன ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்து சேரல" என்று உடைத்தால் ஒவ்வொன்றாக இறங்கும். கதாகாலட்சேபம் செய்தவர்களுக்கும் பாட்டிகளுக்கும் இது யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்திருந்தது.

அதனால் ஸ்கிரிப்டைப் பேசிப் பதிவுசெய்து, அதைக் கேட்டு எழுதிக்கொள்வது ஒரு நல்ல முறை. எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்து, மூச்சு முட்டும் இடத்தில் முற்றுப்புள்ளி வைக்கலாம். எண்களை உருட்டிச் சொல்வதே மேல்: 33,47,000 ரூபாய் என்பது காதுக்கு "முப்பத்து மூணரை லட்சத்துக்குக் கொஞ்சம் கம்மி" அளவில் போதும். ஆட்களின் பெயரை அச்சில் ஒருமுறை சொன்னால் போதும். ஒலியில் நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, "அந்த வங்கிக்காரர் கணேசன்" என்று உறவோடு நினைவூட்ட வேண்டும்.

வட்டார வழக்கைப் பற்றிப் பலருக்குத் தயக்கம். நெல்லைக்காரர் சென்னைத் தமிழுக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் தமிழ்நாட்டுச் சினிமாத் தமிழுக்கும் மாறப் பார்க்கிறார்கள். தேவையில்லை. இரண்டு எபிசோடில் காது பழகிவிடும். கடன் வாங்கிய வழக்கு மட்டும் பத்தாவது எபிசோடிலும் உறுத்திக்கொண்டேயிருக்கும்.

நம்பிக்கை உடைந்தால்

நியூயார்க் டைம்ஸ் 2018இல் வெளியிட்ட 'கேலிஃபேட்', ஐஎஸ் அமைப்பைப் பற்றியது. சிரியாவில் கொலைகள் செய்ததாகச் சொன்ன கனடாக்காரர் ஒருவர் அதில் முக்கியக் குரல். பீபடி விருதும் வந்தது. பிறகு கனடா போலீஸ் அவர்மீது, பயங்கரவாதியாக இருந்ததாகப் பொய் சொல்லிப் பீதி கிளப்பினார் என்று வழக்குப் போட்டது. 2020 டிசம்பரில் பத்திரிகை தன் தவறை ஒப்புக்கொண்டு விருதைத் திருப்பிக் கொடுத்தது. நல்ல குரல், நடுக்கமான நிறுத்தங்கள், சொந்த வாக்குமூலம் எல்லாம் சேர்ந்து எதையும் உண்மைபோலக் காட்டிவிடும் என்பதால், ஒலியில் சரிபார்ப்பு இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும்.

'சீரியலு'க்கும் நிழல் உண்டு. கேட்டவர்கள் தாங்களே துப்பறிவாளர்களாகி, உயிரோடு இருக்கும் சாட்சிகளின் வீட்டு வாசல்வரை போனார்கள். இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு அது பொழுதுபோக்கு அல்ல. சையதின் வழக்கும் இழுத்துக்கொண்டே போனது. 2022இல் தண்டனை ரத்தாகி வெளியே வந்தார், 2023இல் தீர்ப்பு மீண்டும் உயிர்பெற்றது, 2025 மார்ச்சில் அனுபவித்த சிறைக்காலமே போதும் என்று நீதிமன்றம் சொன்னது. குற்றவாளி என்ற தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது. தமிழில் குற்றக் கதை சொல்லும் நிகழ்ச்சிகள் பெருகிவரும் நேரத்தில் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது இந்தியச் சட்டப்படி குற்றம். பெயரை மாற்றிவிட்டு ஊரையும் தெருவையும் பள்ளியையும் சொல்வதும் அடையாளத்தை வெளியிடுவதுதான்.

இனி மைக்

விலை உயர்ந்த மைக்கை வாங்கி, நான்கு சுவரும் மொட்டையாக, டைல்ஸ் போட்ட அறையில் வைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். சாதாரண மைக்கைத் துணி பீரோவைத் திறந்துவைத்து அதற்கு எதிரே பிடித்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புடவைகளும் மெத்தையும் எதிரொலியை விழுங்கிவிடும். ஃபேனை நிறுத்த வேண்டும், வியர்த்தாலும் வேறு வழியில்லை. குக்கர் விசில், காக்கை, தெருவில் பழைய இரும்புக்குக் கூவும் ஒலிபெருக்கி எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, விடிகாலை அல்லது நடு இரவு. சுற்றுச் சத்தத்தை அதிகம் இழுக்காத டைனமிக் வகை மைக் வீடுகளுக்குப் பொருந்தும். வாயிலிருந்து அரைச் சாண் தூரம், சற்றே பக்கவாட்டில் இருந்தால் 'ப' வரும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்காது. இரண்டு பேர் பேசினால் இரண்டு மைக், இரண்டு தனித் தடங்கள். ஒருவர் இருமியதை மற்றவர் பேச்சைத் தொடாமல் வெட்டலாம். யாரும் பேசாத அறையின் அமைதியை அரை நிமிடம் தனியாகப் பதிவுசெய்துவைத்தால் எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும்.

எடிட்டிங்குக்கு ஆடாசிட்டி இலவசமாகவே கிடைக்கிறது. முடித்த கோப்பின் சத்த அளவு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் அருகே இருக்க வேண்டும் என்பது ஆப்பிளின் பரிந்துரை. இல்லாவிட்டால் முந்தைய நிகழ்ச்சி அலற, அடுத்தது முணுமுணுக்கும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் என்றாலும், போனில் கட்டைவிரல் நக அளவில்தான் தெரியும், ஆகவே நான்கு சொல்லுக்கு மேல் அதில் எழுதிப் பயனில்லை. சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓட்டுவது உரிமை வாங்காமல் நடக்கிற காரியம் இல்லை.

வீடியோ வேண்டுமா என்ற கேள்விக்கு இப்போது தட்டிக்கழிக்க முடியாத ஒரு எண் வந்துவிட்டது: மாதம் 100 கோடிப் பேருக்கு மேல் தன் தளத்தில் பாட்காஸ்ட் பார்க்கிறார்கள் அல்லது கேட்கிறார்கள் என்று யூடியூப் 2025 பிப்ரவரியில் அறிவித்தது. உரையாடல் நிகழ்ச்சி என்றால் ஒரு கேமராவை ஓடவிடுவதில் நஷ்டமில்லை. கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு அது பெரும்பாலும் செலவும் இடைஞ்சலும்தான்.

எண்களைப் பார்க்கும் விதம்

பதிவிறக்கம் என்பது கேட்டதற்கான சான்று அல்ல. விளம்பரத் துறையின் பொதுக் கணக்குப்படி ஒரு நிமிட அளவுக்கான கோப்பு இறங்கினாலே ஒரு பதிவிறக்கம். 2023 செப்டம்பரில் ஆப்பிள், நீண்ட நாள் கேட்காமல் விட்டவர்களின் போனில் புதிய எபிசோடுகள் தானாக இறங்குவதை நிறுத்தியது. உடனே பல பெரிய நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சரிந்தது. கேட்பவர்கள் ஒருவர்கூடக் குறையவில்லை, கேட்காதவர்கள் கணக்கிலிருந்து போனார்கள்.

புதியவர் பார்க்க வேண்டியது, ஆப்பிளும் ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் தங்கள் பக்கங்களில் காட்டும் இன்னொரு கோடு: எந்த நிமிடத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்பது. முதல் நிமிடத்தில் ஒரு சரிவு எல்லோருக்கும் உண்டு, அதற்குக் கவலைப்பட வேண்டாம். அதற்குப் பிறகு நான்காவது நிமிடத்திலோ பதினோராவது நிமிடத்திலோ கோடு சட்டென்று இறங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை இயர்போனில், ஏதாவது கைவேலை செய்துகொண்டே திரும்பக் கேட்க வேண்டும். பத்தில் ஆறு முறை அங்கே விருந்தினர் வாங்கிய விருதுகளின் பட்டியல் வாசிக்கப்பட்டுக்கொண்டிருக்கும்.